மாணவரின் வீடும் ஆசிரியருக்கான அறிவுரையும்: ஒரு திறனாய்வு

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உலகின் பல நாடுகளில் கல்லூரிகள் ஒரு சில நாட்களுக்குள் வகுப்பறைகளைப் பூட்டிவிட்டு இணையவழிக்கு மாறின. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் மார்ச் 6-ஆம் நாள் இம்முடிவை அறிவித்தது. நான்கு நாட்களுக்குப்பின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், விடுமுறைக்குச் செல்லும் மாணவர் திரும்பி வரவேண்டாம் எனக் கூறிற்று. இந்தியாவில் மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் மாதத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 150 கோடி மாணாக்கர் பள்ளியும் கல்லூரியும் மூடப்பட்ட நிலையில் இருந்தனர் என யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது.

அந்நாட்களில் ஆசிரியருக்கு அறிவுரை கூறும் எழுத்து வெள்ளமெனப் பெருகிற்று. அதில் பெரும்பகுதி எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைப் பற்றியது. அன்றைய தேவைக்குப் பயன்பட்டு அன்றே தீர்ந்துபோயிற்று. இன்றும் எடுத்துப் படித்து வழக்காடத்தக்கவை சில உண்டு. அவற்றுள் மூன்றை இங்கு நோக்குவோம். மூன்றும் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் எழுதப்பட்டவை. மூன்றும் அளவிற் சிறியவை. திடீரென இடம் மாறிய மாணவருக்கு ஆசிரியர் எவ்வாறு துணைநிற்பது என்னும் வினாவோடு தொடர்புடையவை. கடந்துபோன நெருக்கடியின் காகிதங்களை இப்போது கிளறுவானேன் எனச் சிலர் கேட்கலாம். அன்று கைப்பேசித் திரையில் எபிரேய வினைச்சொற்களைக் கற்ற மாணவர் பலர் இன்று ஆயர்களாகப் பணியாற்றுகின்றனர் என்பதே அவர்களுக்கு யாம் தரும் விடை.

முதலாவது எழுத்து, சார்லஸ் ஹாட்ஜஸ், ஸ்டெஃபனி மூர், பார்ப் லாக்கி, டாரி டிரஸ்ட், ஆரன் பாண்ட் ஆகிய ஐவர் மார்ச் 27-ஆம் நாள் 'எஜுகாஸ் ரிவியூ' இதழில் வெளியிட்ட கட்டுரை. அதன் சாரம் ஒரு பெயரில் அடங்கும். நெருக்கடியில் வகுப்பைத் திரைக்கு மாற்றுவது இணையவழிக் கல்வி அன்று. அதை 'அவசரத் தொலைநிலைக் கற்பித்தல்' என்றே அழைக்கவேண்டும் என்கின்றனர் ஐவரும். நன்கு திட்டமிட்ட இணையவழிப் பாடம் ஒன்றை ஆயத்தம் செய்ய வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். ஆசிரியரும் இரண்டாம் அல்லது மூன்றாம் முறை நடத்தும்போதுதான் அதில் தெளிவடைகிறார். சில நாட்களில் எழுப்பிய கூடாரத்தை அத்தகைய கட்டடத்தோடு ஒப்பிட்டு, இணையவழிக் கல்வியே தாழ்ந்தது எனத் தீர்ப்பளிப்பது நீதியன்று.

இப்பெயர் பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்று கற்பித்த ஆசிரியர் ஒரு வாரத்தில் காணொளி வல்லுநராக இயலவில்லையே என்று தம்மை நொந்துகொண்டிருந்த வேளையில், 'உம்மிடம் கேட்கப்படுவது அது அன்று' என அக்கட்டுரை ஆறுதல் கூறிற்று. நேரலை வகுப்பைக் காட்டிலும், மாணவர் தமக்கு இயன்ற நேரத்தில் கற்கும் முறையே ஏற்றது என்றும், ஒப்படைப்பு நாட்களில் நெகிழ்வு வேண்டும் என்றும் அது சொன்னது. போரினால் பள்ளிக்குச் செல்ல இயலாத ஆப்கானிஸ்தான் பிள்ளைகளுக்கு வானொலியும் குறுந்தகடும் கல்வியைக் கொண்டுசென்றதை எடுத்துக்காட்டி, நெருக்கடிக் கால வழிகளை எண்ணிப்பார்க்கச் செய்தது.

ஆயினும் ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். அக்கட்டுரையின் முதற் கவலை மாணவர் அன்று. ஒரு கல்வித்துறையின் நற்பெயர். பல்லாண்டுகள் உழைத்து இணையவழிக் கல்விக்கு மதிப்புத் தேடியவர்கள், அவசரத்தில் நடக்கும் அரைகுறைப் பணியால் அம்மதிப்புக் குலைந்துவிடுமோ என அஞ்சினர். அச்சம் நியாயமானதே. ஆனால் அதன் விளைவாகக் கட்டுரையின் முற்பகுதி முழுவதும் கற்பித்தலின் வகைகளைப் பிரித்துக் காட்டுவதிற் செல்கிறது. மாணவரின் நிலைமை பின்னரே, ஆசிரியர் கருத்திற்கொள்ள வேண்டிய பலவற்றுள் ஒன்றாக வந்து சேர்கிறது. மேலும், 'அவசரம்' என்னும் சொல் ஒரு கால எல்லையைக் குறிக்கிறது. அது நீண்டகாலத் தீர்வாகக் கொள்ளப்படலாகாது என ஐவரும் எச்சரித்தனர். தமிழ்நாட்டிலோ கல்லூரிகள் இடையிற் சில வாரங்கள் திறந்து மீண்டும் மூடி, 2021 செப்டம்பர் 1-ஆம் நாளன்றுதான் மறுபடியும் திறந்தன. ஒன்றரை ஆண்டு நீண்ட நிலைமையை 'அவசரம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அச்சொல் விளக்கமாக இராது, சாக்குப்போக்காகிவிடும்.

இரண்டாவது எழுத்தைச் சுருக்கமாகக் கூறினாற் போதும். சிகாகோவிலுள்ள டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டான்ஃபோர்டு மார்ச் நடுவில் எழுதிய சிறு கட்டுரை அது. கற்பிக்கும் வழிகளை அவர் இரண்டு அளவுகோல்களால் நிறுத்தார்: ஒன்று, இணைய இணைப்பின் வலிமை எவ்வளவு வேண்டும் என்பது, மற்றது, எவ்வளவு உடனடியாக மறுமொழி கூறவேண்டும் என்பது. நேரலைக் காணொளி இரண்டிலும் மிகுதியாகக் கேட்கிறது. எழுத்தும் படமும் இரண்டிலும் குறைவாகக் கேட்கின்றன. ஆகவே முதலில் எளியதை நாடுக, நேரலையைக் கடைசியில் வைத்துக்கொள்க என்பது அவரது கருத்து. மூன்று எழுத்துக்களுள் பணத்தையும் நேரத்தையும் பற்றி நேராகப் பேசுவது இதுவே என்பது எம் மதிப்பீடு. ஏனெனில் ஆசிரியருக்கு எது வசதி என்று கேட்பதற்கு முன் மாணவர் கையில் என்ன இருக்கிறது என்று இது கேட்கிறது. நம் நாட்டில் அவ்வினாவின் கனம் இன்னும் பெரிது. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்றுப்படி, ஊரகக் குடும்பங்களுள் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. நகர்ப்புறத்தில் முறையே 23.4, 42. இவ்வெண்கள் ஊரடங்குக்கு முன்பே அச்சாகிவிட்டவை. எவரும் புரட்டிப் பார்த்திருக்கலாம். அப்படியிருந்தும் ஈராண்டுகளுக்குப்பின் நம் கல்லூரிகள் பலவும் முதலிற் பற்றிக்கொண்டது நேரலைக் காணொளியையே. 'ஐயா, கேட்கிறதா?' என்பது அந்நாட்களில் வணக்கத்துக்கு மாற்றாயிற்று.

மூன்றாவது எழுத்தே நம் வாசகர்க்கு மிக நெருக்கமானது. அதனிடம் சற்று அதிக நேரம் நிற்கவேண்டும். வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் சமயவியல் கற்பிக்கும் பிராண்டன் பெய்ன், தம் மாணவருக்காகப் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது அதற்கு முன்னுரையாக ஐந்து நெறிகளை எழுதினார். அது கைமாறிக் கைமாறிப் பல கல்லூரிகளுக்கும் சென்றது. அதன் கருத்தை நம் சொற்களில் இவ்வாறு கூறலாம்: இந்நிலைமைக்கு ஒப்புக்கொண்டு எவரும் இப்பாடத்தில் சேரவில்லை, எவ்வழி மனிதநேயமுடையதோ அதுவே நல்வழி, வகுப்பறையில் செய்ததை அப்படியே திரையில் செய்ய இயலாது, அறிவுக்கு உணவும் ஒருவரோடொருவர் தொடர்பும் அவரவர் நிலைக்கேற்ற இடங்கொடுத்தலும் வேண்டும், நிலைமை மாற மாற நாமும் வளைந்துகொடுப்போம்.

இது ஓர் ஆயரின் குரல். மற்ற இரு எழுத்துக்களும் ஆசிரியரிடம் பேசுகின்றன. இது மாணவரிடமே பேசுகிறது. அதிலும் மூன்றாம் நெறியின் கீழ் வரும் ஒரு கருத்து வியக்கத்தக்கது. சில பயிற்சிகள் இனி இயலா, சில எதிர்பார்ப்புகள் இனி நியாயமாகா என்று எழுதியதோடு அவர் நிற்கவில்லை. சில நோக்கங்களே இனி மதிப்புடையன அல்ல என்னும் அளவுக்குச் செல்கிறார். ஒரு பேராசிரியர் தம் பாடத்தின் நோக்கங்களுள் சில பெறுமதி இழந்துவிட்டன எனத் தம் மாணவரிடமே ஒப்புக்கொள்வது எளிதன்று.

ஆனால் அவ்விடத்தில் அவர் விரைந்து அடுத்ததற்குச் சென்றுவிடுகிறார். எந்த நோக்கம் பெறுமதி இழந்தது? அது கொள்ளைநோயினால் இழந்ததா, அல்லது எப்போதுமே பெறுமதி குறைந்ததாய் இருந்து, வகுப்பறையின் பழக்கத்தினால் மறைந்திருந்ததா? இவ்வினாவைக் கேளாமல் விட்டமையால், 'மனிதநேயம்' என்பது ஒரு மனநிலையாக நின்றுவிடுகிறது. பாடத்திட்டத்தில் எந்த வரியை அடிப்பது என்பதை அது சொல்லித்தருவதில்லை. பெய்ன் தம் பாடத்தைத் திருத்திய பின்னரே அம்முன்னுரையை அதற்குச் சூட்டினார். அவரளவில் அது பொருந்தும். அதைப் படியெடுத்துத் தம் பாடத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஆசிரியர் ஒரு கட்டுரையையும் குறைக்காவிடில், அன்பு மொழி முன்னும் பழைய பாரம் பின்னுமாக மாணவர் இரண்டையும் சுமக்கவேண்டியவராகிறார். கனிவான முன்னுரையைக் கண்டபின் முறையிடவும் அவருக்கு நா எழாது. கனிவு கடுமையினும் கொடியதாவது இவ்வாறுதான்.

இன்னொரு குறை மூன்று எழுத்துக்களுக்கும் பொதுவானது. மாணவர் வீட்டிலிருந்து கற்கிறார் என்பதை மூவரும் அறிவர். பெய்ன் அதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். ஆயினும் மூன்றிலும் வீடு என்பது ஒரு குறைபாட்டின் பெயர். வளாகத்தில் இருந்த ஏதோ ஒன்று அங்கு இல்லை: இணைப்பு இல்லை, அமைதி இல்லை, நூலகம் இல்லை. வீட்டில் என்ன உண்டு என்று எவரும் கேட்கவில்லை. நோயுற்ற பாட்டி உண்டு. வேலையிழந்த தந்தை உண்டு. ஒரே கைப்பேசிக்குக் காத்திருக்கும் தம்பி தங்கையர் உண்டு. வயலில் செய்யவேண்டிய வேலையும் உண்டு. இறையியல் மாணவர்க்கு இவை இடையூறு மட்டுமா? துயருறுவோரைச் சந்தித்தல் பற்றிய பாடத்தைத் திரையில் கேட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், அடுத்த தெருவில் உறவினர் கூடவும் இயலாத அடக்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாடம் எது, இடையூறு எது?

வீட்டைக் குறையாக மட்டும் கண்டவர்கள் அதைக் கண்காணிக்கத் தொடங்கியது வியப்பன்று. ஒளிப்படக் கருவியைத் திறந்துவைத்தே ஆகவேண்டும் என்னும் கட்டளை பல வகுப்புகளில் பிறந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மாணவரிடம் கேட்டு, கேஸ்டெல்லி, சார்வரி என்னும் இருவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர் அதை ஏன் மூடிவைக்கின்றனர் என்பதைக் காட்டிற்று: தம் தோற்றம் பற்றிய கூச்சம், பின்னணியில் பிறரும் தம் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்ற தயக்கம், இணைப்பின் நலிவு. மூடிய திரைக்குப்பின் இருந்தது சோம்பல் என்று எண்ணியவர்கள் வறுமையின் நாணத்தைக் காணத் தவறினர். இதனினும் ஒருபடி மேலே சென்றது தேர்வு. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்தில் 2021 பிப்ரவரியில், வேதியியல் தேர்வு ஒன்றிற்குமுன் ஒரு மாணவர் தம் படுக்கையறையைச் சுற்றிக் காட்டவேண்டும் எனப் பணிக்கப்பட்டார். பிறர் பார்க்கலாகாத ஆவணங்கள் அறையில் உள்ளன என்று அவர் தெரிவித்தும் பயனில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வாறு அறையைச் சோதித்தது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவரின் அறைக்குள் நுழைய ஆசிரியருக்கும் அழைப்பு வேண்டும் என்பதை ஒரு நீதிபதி வந்து சொல்லவேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டு ஆசிரியர் ஒரு மறுப்பை எழுப்புவர், அது கேட்கத்தக்கதே. பெய்ன் தம் பாடத்தைத் தாமே திருத்தினார்; அவருக்கு அவ்வுரிமை இருந்தது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பாடத்திட்டமும் வினாத்தாளும் வெளியிலிருந்து வருகின்றன. செராம்பூர் செனட்டோடு இணைந்த இறையியற் கல்லூரிகளின் நிலையும் அதுவே. எதைக் குறைப்பது என்னும் அதிகாரம் வகுப்பு நடத்துபவரிடம் இல்லை. 2020-இல் இந்தியாவில் நடந்த பொது விவாதத்தைப் பார்த்தால் இது விளங்கும். பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் 29-இல் வெளியிட்ட நெறிமுறை, இடைப்பருவ மாணவரை அகமதிப்பீடு பாதி, முந்தைய பருவ மதிப்பெண் பாதி எனக் கொண்டு மதிப்பிட இடமளித்தது. மூன்று மணி நேரத் தேர்வை இரண்டு மணியாக்கவும் இசைந்தது. ஜூலை 6-இல் வந்த நெறிமுறை, இறுதியாண்டுத் தேர்வைச் செப்டம்பர் இறுதிக்குள் முடிக்கவேண்டும் என்றது. தேர்வின்றித் தேர்ச்சி வழங்கலாகாது என்பதை ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வாதங்கள் எல்லாம் தேர்வைச் சுற்றியே சுழன்றன. மாணவர் எதைக் கற்றனர், எதைக் கற்காமல் விட்டனர் என்பது பற்றி நாடு தழுவிய வழக்கு எதுவும் எழவில்லை.

ஆகவே அமெரிக்க அறிவுரைகள் நமக்குப் பொருந்தா எனத் தள்ளிவிடலாமா? கூடாது. வெளியிலிருந்து வரும் வினாத்தாளை மாற்ற இயலாத ஆசிரியர் கையிலும் சில இருந்தன: அகமதிப்பீட்டின் வடிவம், வகுப்பின் நீளம், வருகைப் பதிவின் கண்டிப்பு, ஒரு மாணவரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கும் பத்து நிமிடம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு இணைய இணைப்பே வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டின் அளவுகோலில் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு உரிய இடத்தை அவர் இன்னும் விரித்திருக்கலாம்.

இறையியற் கல்லூரிகளைப் பொறுத்தமட்டில் இன்னும் கூர்மையான வினா ஒன்று உண்டு. விடுதியில் கூடி வாழ்தல், ஒரே பந்தியில் உண்ணுதல், காலை மாலை வழிபாடு, ஆசிரியரோடு மரத்தடியில் நிகழும் உரையாடல் ஆகியவற்றால்தான் ஊழியர் உருவாக்கப்படுகிறார் என்று நாம் நெடுங்காலமாகக் கூறி வருகிறோம். விடுதியுடன் கூடிய கல்வியின் செலவை அதைக் கொண்டே நியாயப்படுத்துகிறோம். விடுதியை மூடவேண்டி வந்தபோது, எதை முதலில் மாணவரின் வீட்டுக்கு அனுப்பினோம்? பெரும்பாலும் விரிவுரையை, பின்னர் தேர்வை. வழிபாடு சில இடங்களில் திரைக்கு வந்தது, உரையாடல் வரவில்லை. எது இன்றியமையாதது என்று நாம் சொல்லி வந்தோமோ அதை விட்டுவிட்டு, எதை நூலிலிருந்தும் பெறலாமோ அதை அரும்பாடுபட்டு அனுப்பினோம். பெய்னுடைய நான்காம் நெறி, தொடர்பையும் அறிவையும் ஒரே வரிசையில் வைப்பதால், இவ்விடத்தில் நம்மைக் குற்றப்படுத்தும் வல்லமை உடையது.

இதற்கு மாறான முன்மாதிரியை ஐவர் கட்டுரை ஆப்கானிஸ்தானில் தேடிற்று. இறையியற் கல்வியின் வரலாற்றிலேயே வேறொன்று இருக்கிறது. குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிற்றேரியன் இறையியற் கல்லூரி தலைநகரில் இருந்தது. அங்கு வந்து பயின்றோருள் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமத்தில் ஏற்கெனவே சபையை நடத்திவந்த மூத்தோர்க்கோ, வீட்டையும் நிலத்தையும் விட்டுத் தலைநகருக்கு வர இயலவில்லை. 1963-இல் ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் ஈடுபட்டு உழைத்த அக்கல்லூரி, மாணவரை அழைப்பதை விட்டு மாணவர் இருக்கும் இடத்துக்குச் சென்றது. வீட்டில் தாமே பயிலுவதற்கான நூல்கள் எழுதப்பட்டன. வாரந்தோறும் ஆசிரியர் பயணம் செய்து அருகிலுள்ள மையத்தில் மாணவரைச் சந்தித்தார். இம்முறை இந்தியாவுக்கும் வந்தது. பெங்களூருவை மையமாகக் கொண்ட 'தாஃப்டி' 1971-இல் தொடங்கிற்று.

இம்முறையை விளக்க டெட் வார்டு என்னும் கல்வியியலாளர் மரவேலி ஒன்றை உவமையாக எடுத்தார். வேலியின் மேற்குறுக்குக் கட்டை நூலறிவு. கீழ்க்கட்டை மாணவரின் அன்றாடப் பணியும் வாழ்வும். இரண்டையும் தாங்கி இணைக்கும் கம்பங்கள், ஆசிரியரோடு குறித்த இடைவெளியில் நிகழும் கூடுகை. 2020-இல் மேற்கட்டை ஒன்றையே நீட்டிக்கொண்டு போனோம். கீழ்க்கட்டை மாணவரின் வீட்டில் ஆயத்தமாகவே கிடந்தது. அதை எடுத்துப் பொருத்த ஆள் இல்லை. கம்பங்கள் இருக்கவேண்டிய இடத்தில் மீண்டும் விரிவுரையே வந்து நின்றது.

விரிவாக்க முறையைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மையாகாது. அதன் தொடக்ககாலத் தன்பயில் நூல்கள் பல, கட்டத்தை நிரப்பி அடுத்த கட்டத்துக்குச் செல்லும் மனப்பாட வகையினவாயிருந்தன. விடுதிக் கல்லூரிகள் அதை இரண்டாந்தரமாகவே மதித்தன. அம்மதிப்பின்மையே, தேவை வந்தபோது அதன் அனுபவத்தை நாடாமல் போனதற்குக் காரணம் என்று கொள்ள இடமுண்டு. அன்றியும் அது ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு அமைந்தது. ஒரு வாரத்தில் அதைப் படைத்திருக்க இயலாது என ஐவர் கட்டுரையின் ஆசிரியர்கள் சரியாகவே மறுத்துரைப்பர். ஆனால் அதன் முதல் அடி நாட்கணக்கில் எடுக்கக்கூடியது. மாணவர் எங்கே இருக்கிறார், காலையில் என்ன வேலை, மாலையில் என்ன வேலை, யாரைப் பராமரிக்கிறார், கையில் எந்த நூல் உண்டு என்று கேட்டெழுதுவதே அந்த அடி.

ஐவர் கட்டுரையின் இறுதிப் பகுதி, நெருக்கடி ஓய்ந்தபின் நடந்ததை மதிப்பிடும் வழியைக் கூறுகிறது. மாணவர் பெற்ற மதிப்பெண்ணை வகுப்பறை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது வீண் என்றும், சூழல், இடுபொருள், செயல்முறை, விளைவு என்னும் நான்கையும் ஆராயவேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது. கட்டுரையின் மிகக் குறைவாகப் பின்பற்றப்பட்ட பகுதி இதுவாகவே இருக்கும். நம் கல்லூரிகளில் 2020-க்கும் 2021-க்கும் இடையே பயின்றவர்களின் முகவரி அலுவலகப் பதிவேட்டில் உண்டு. பேராயத்தின் ஆயர் பட்டியலிலும் பலர் பெயர் உண்டு. எந்தப் பாடத்தை எங்கே உட்கார்ந்து கேட்டீர், எதை விளங்காமலே எழுதித் தேர்ந்தீர், படிப்பை இடையில் விட்ட உம் வகுப்புத் தோழர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர்களிடம் கேட்க ஒரு தாளும் ஓர் அஞ்சலுறையும் போதும்.